பூஜையில் வைத்த ஸ்க்ரூ டிரைவர்

மதர்போர்டு என்ன விலை என்று கேட்டேன். கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "கூட யார் வந்துருக்காங்க?" என்றார்.

யாரும் வரவில்லை. முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிள் மிதித்துக்கொண்டு நான் தனியாகத்தான் வந்திருந்தேன். அதைச் சொன்னதும் அவர் முகத்தில் ஓர் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. வீட்டில் விவரம் தெரிந்தவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு வாம்மா, இது மிக்சி கிரைண்டர் மாதிரி கிடையாது என்று சொல்லிவிட்டு, கடலூரிலிருந்து வந்திருந்த ஓர் ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அந்த ஆளுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியவில்லை. நல்லதாக ஒன்று கொடுங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. வரி குறைவு என்பதால் கடலூர், விழுப்புரம் பக்கத்து ஆட்களெல்லாம் கம்ப்யூட்டர் வாங்க எங்கள் ஊருக்குத்தான் வருவார்கள். சாயங்காலக் கடலூர் பஸ்ஸில் ஏறினால், மடியில் மானிட்டர் பெட்டியோடு இரண்டு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். தவளக்குப்பத்துக் குழியில் பஸ் தூக்கிப் போடும்போது அதைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களில் ஒருவரிடமும் கூட யார் வந்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பையில் ஒரு காலண்டர் தாள் வைத்திருந்தேன். அதன் பின்பக்கம் எனக்கு வேண்டிய சாமான்களை ஒவ்வொன்றாக எழுதி, எது ஏன் என்பதையும் பக்கத்தில் குறித்திருந்தேன். அந்தத் தாளை எடுத்துக் காட்டக்கூட எனக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வரும்போது வழியெல்லாம் வாய்விட்டே அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

ஏன் இந்த வீம்பு என்று கேட்டால், மூன்று வருஷம் நான் வேலை பார்த்த டி.டி.பி. சென்டரிலிருந்து தொடங்க வேண்டும். ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், கல்யாணப் பத்திரிகை, ஆய்வேடு என்று எல்லாம் செய்யும் இடம். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தேன். பிழை இல்லாமல் அடிப்பேன், வேகமாகவும் அடிப்பேன். அங்கே ஒரே ஒரு சட்டம். மிஷினைத் திறக்கக் கூடாது. திரை கறுத்துப்போனால் ஓனர் சர்வீஸ்காரருக்குப் போன் போடுவார். அவர் மூன்றாவது நாள் வருவார். அதுவரை நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஒரு நாள் என் மிஷின் நின்றுபோனது. சர்வீஸ்காரர் போன தடவை என்ன செய்தார் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். மூடியைக் கழற்றி, ராம் என்கிற அந்தப் பச்சைப் பட்டையை எடுத்து ரப்பரால் துடைத்து, இரண்டு பக்கமும் கிளிக் என்று விழும்படி அழுத்தினேன். ஓடியது. ஓனர் பார்த்துவிட்டார். நின்ற மிஷின் ஓடுகிறதே என்று அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாலு கஸ்டமர் முன்னால், உன்னை யார் கை வைக்கச் சொன்னது, கெட்டுப்போனால் உங்கள் அப்பனா வந்து கட்டுவான் என்று கேட்டார். நான் கையில் இருந்த ரப்பரை அவர் மேஜையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த மாதச் சம்பளத்தைக் கேட்கக்கூடத் திரும்பிப் போகவில்லை. அதில் எனக்கு இப்போது வருத்தம் உண்டு, கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அதை நானே சாமான் வாங்கி, நானே பூட்ட வேண்டும். பிறகு அதை எப்போது வேண்டுமானாலும் நான் திறப்பேன், ஒருத்தரும் கேட்க முடியாது. சென்டருக்கு வந்துகொண்டிருந்த ஆராய்ச்சி மாணவி ஒருவர், நீங்கள் வீட்டில் அடிப்பதாக இருந்தால் என் ஆய்வேடு முழுக்க உங்களுக்குத்தான், பூஜை லீவு முடிந்ததும் முதல் அத்தியாயம் வேண்டும் என்று சொல்லியிருந்தார். எனக்கு அது போதும்.

அக்கா வீட்டுக்காரருக்கு அது போதவில்லை. மாமா மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு மருந்து பாட்டில் கம்பெனியில் சூப்பர்வைசர். கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் எல்லாம் செய்துகொடுப்பார், ஆனால் அவர் நினைத்ததைத்தான் செய்துகொடுப்பார். தன் கம்பெனியிலேயே பேக்கிங் பகுதியில் எனக்கு இடம் கேட்டு வைத்திருந்தார். உட்கார்ந்து பார்க்கிற வேலை, விஜயதசமி முடிந்த திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ளலாம். கம்ப்யூட்டர் என்றால் கம்பெனிக் கம்ப்யூட்டராக வாங்க வேண்டும், பொறுக்கிச் சேர்த்துப் பூட்டுவதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்பது அவர் கட்சி. அதற்கு உதாரணமாக எங்கள் தெரு சொல்தா வீட்டைக் காட்டினார். பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் வீடு அது. மகன் பாரீஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் அனுப்பியிருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் கீபோர்டு என்பதால் அதில் எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடந்தது. யாராலும் அதில் ஒரு வரி அடிக்க முடியவில்லை. வெல்வெட் துணி போர்த்தி வரவேற்பறையில் வைத்திருந்தார்கள். அது ஒரு நாளும் கெட்டுப்போகவில்லை என்று மாமா சொன்னார். எப்படிக் கெடும்?

பேச்சு முற்றியபோது அப்பாதான் தீர்ப்புச் சொன்னார். அப்பா மில்லில் ஃபிட்டர், தறிக்கொட்டகையில் இருபத்தேழு வருஷம். அந்த இரைச்சலில் காது பாதி போய்விட்டதால், ரகசியம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும். அவர் சத்தமாகச் சொன்னார்: "ஆயுத பூஜைக்கு நம்ம வீட்டு சாமான்லாம் வெப்போம் இல்ல, அன்னிக்கு அதுவும் ஓடணும். ஓடுச்சுன்னா ஊட்லயே இருந்து செய்யட்டும். ஓடலன்னா மாப்ள சொல்றபடி."

பூஜைக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

அடுத்த தடவை கடைக்குப் போனபோது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் வேறு வழி தெரியவில்லை. கடைக்காரர் உடனே நாற்காலி போட்டார், அப்பாவுக்கு. என் காலண்டர் தாளை வாங்கிப் படித்தார், படித்துவிட்டு அப்பாவைப் பார்த்தே பேசினார். சார், இவ்வளவு ராம் தேவையில்லை, அதற்குப் பதில் ப்ராசஸரைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாம், கேம்ஸ் விளையாட நன்றாக இருக்கும் என்றார். அப்பா பாதி காதில் விழுந்தும் விழாமலும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்: "எனக்கு இன்னா தெரியும். ஓட்டப்போறவ அவ. அவளாண்ட சொல்லு."

அதற்குப் பிறகு கடைக்காரர் என்னிடம் பேசினார். சந்தோஷமாகப் பேசினார் என்று சொல்ல மாட்டேன்.

நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். முந்நூறு பக்க ஆய்வேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்ய ராம்தான் வேண்டும், ப்ராசஸர் சின்னதே போதும் என்றேன். கேம்ஸுக்கான கார்டு வேண்டாம் என்றேன். மானிட்டர் மட்டும் பதினேழு அங்குலம் கேட்டேன். நாள் முழுக்கக் கொம்பும் காலும் சுழியும் பார்க்கிற கண் எனக்கு, பதினைந்தில் மூன்று வருஷம் பார்த்து நொந்துபோயிருந்தேன். கீபோர்டுக்குத்தான் நேரமானது. அவர் எடுத்துப் போட்ட ஒன்பது கீபோர்டையும் கவுண்டரில் வரிசையாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரே பத்தியை அடித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் இணைக்காத கீபோர்டில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதைப் பார்த்து, வாசலில் போனவர்கள்கூட நின்றார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். எட்டாவது கீபோர்டு விரலுக்குப் பிடித்தது. அதுதான் இருந்ததிலேயே மலிவும்கூட.

கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை பெட்டி மட்டும் அப்பா எடுத்தது. ஒரே சக்தி என்று எழுதியிருந்த மூன்று பெட்டியை அவர் இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். அதிகம் கனத்ததை என்னிடம் நீட்டினார். உள்ளே செம்பு இருந்தால்தான் கனக்கும், எழுதினதைப் பார்க்காதே என்றார்.

பில் போடும் நேரத்தில், பூட்டித் தருவது ஃப்ரீதான், நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்றேன். சாமானாக எடுத்துக்கொண்டு போனால், கெட்டுப்போனால் நான் பொறுப்பில்லை என்றார். சரி என்றேன். நன்றாக யோசித்தாயா என்று கேட்டார். பெட்டிகளை ஆட்டோவில் அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

பூஜைக்கு முந்தின நாள் காலை, கூடத்துத் தரையில் பழைய பெட்ஷீட்டை விரித்துப் பூட்ட உட்கார்ந்தோம். நான் பூட்டினேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுத்தார். சின்ன வயதில் எத்தனையோ தடவை அவர் சைக்கிளுக்கும் பம்புக்கும் அடியில் படுத்திருக்க, நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு இடம் மாறி உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மதர்போர்டைக் கேபினெட்டுக்குள் உட்காரவைக்கிற இடத்தில்தான் அது நடந்தது. உள்ளே ஒரு தகரத் தட்டு. அதில் திருகாணி ஓட்டைகள் இருந்தன, போர்டிலும் அதே இடத்தில் ஓட்டைகள் இருந்தன. கேபினெட்டோடு வந்த ஒரு பிளாஸ்டிக் கவரில் திருகாணிகளும், அவற்றோடு விரல்நுனி உயரத்தில் ஆறு பித்தளைத் துண்டுகளும் இருந்தன. இது எதற்கு என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். வேறு எங்காவது வரும், வை என்றார். பிறகு போர்டைத் தட்டின் மேல் வைத்து உள்ளங்கையால் தடவிப் பார்த்து, அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததைச் சொன்னார். மிஷினுக்கு அடி படிய வேண்டும். அடியில் இடம் இருந்தால் ஆடும், ஆடினால் உடையும்.

ஒரு ஃபிட்டர் வீட்டில் அது வேதம். தறியை அப்படித்தான் இறக்குவார்கள். எங்கள் வீட்டுத் தையல் மிஷினும் அப்படித்தான் நின்றது, கிரைண்டரும் அப்படித்தான் நின்றது. எனக்கும் அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. போர்டைத் தட்டோடு தட்டாகப் படியவைத்து, ஆறு திருகாணியையும் இறுக்கினேன்.

பின்பக்கத்தில் மௌஸ், கீபோர்டு, பிரிண்டர் செருகுகிற சாக்கெட்டுகள் வெளியே எட்டிப் பார்ப்பதற்கு ஒரு மெல்லிய தகடு உண்டு. அதிலிருந்த ஓட்டைகளுக்கும் எங்கள் சாக்கெட்டுகளுக்கும் ஒத்துப்போகவில்லை. எல்லாமே அரை விரல் அகலத்துக்கு இறங்கி நின்றன. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நிறுத்தி யோசித்திருப்பார்கள். நாங்கள் அரத்தை எடுத்தோம். தகடு போட்டவன் அளவு தெரியாதவன் என்று அப்பா திட்ட, நானும் கூடச் சேர்ந்து திட்ட, மாறி மாறி இரண்டு மணி நேரம் ராவினோம். ராவி முடித்தபோது சாக்கெட்டுகள் அத்தனையும் வெளியே தெரிந்தன. அப்பா விளிம்புகளை விரலால் தடவி, பிசிறு இல்லை என்று தலையாட்டினார். மிச்சத்தைப் பூட்டி முடிக்கும்போது ராத்திரியாகிவிட்டது, ஓட்டிப் பார்ப்பதை மறுநாளைக்கு வைத்துக்கொண்டோம்.

மறுநாள் ஆயுத பூஜை. காலையிலேயே அக்காவும் மாமாவும் வந்துவிட்டார்கள். அம்மா பூஜைக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். படையல் போடுவதற்கு முன்னால் ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்று நான் ஒயர்களைச் செருகி, எல்லோரையும் கூப்பிட்டு, பட்டனை அழுத்தினேன்.

உள்ளே இருந்த மின்விசிறி ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. அவ்வளவுதான். திரும்ப அழுத்தினேன். அதுகூட இல்லை. பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன், ராமைத் துடைத்துப் போட்டேன், ஒயர் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தேன். மறுபடி ஒரு துள்ளு, மறுபடி அடங்கியது.

மாமா குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் என் தோளைத் தட்டி, போகட்டும், இதெல்லாம் ஆம்பளைகளுக்கே வராது என்றார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கம்பெனி வாசலில் நின்றால் போதும், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சாயங்காலம் கிளம்பும்போது இந்தப் பெட்டியையும் ஸ்கூட்டரில் எடுத்துப்போய், தனக்குத் தெரிந்த கடையில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவதாகவும் சொன்னார். நான் அப்பாவைப் பார்த்தேன். சொன்ன சொல் சொன்னதுதான் என்பதுபோல அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செத்த மிஷினுக்கும் பூஜை நடந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் அப்பாவின் ஸ்பானர்கள், அரம், சுத்தியல், நான் பூட்டப் பயன்படுத்திய ஸ்க்ரூ டிரைவர், அம்மாவின் அருவாமனை, கத்தரிக்கோல், என் பழைய டைப்ரைட்டிங் புத்தகம். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். என் கேபினெட்டுக்கும் நெற்றி மாதிரி ஓர் இடம் பார்த்து அம்மா பொட்டு வைத்தாள். பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை போட்டு எடுக்கும் வரை எதையும் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் அது அசைக்க முடியாத சட்டம். அன்றைக்கு முழுக்க எங்கள் வீட்டில் காய்கூட நறுக்க மாட்டார்கள். அவசர ஆர்டர் என்று ஒரு வருஷம் ஆயுத பூஜை அன்று தறியை ஓட்டச் சொன்னபோது, அப்பாவும் கூட நாலு பேரும் மாட்டோம் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டு, அதற்காகப் பத்து நாள் வேலை இல்லாமல் இருந்த கதையைப் பூஜைக்குப் பூஜை கேட்டு வளர்ந்தவள் நான்.

சாப்பிட்டதும் மாமா உள்ளறையில் பாயில் படுத்துத் தூங்கிவிட்டார். அக்காவும் அம்மாவும் பின்கட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா கூடத்துச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நான் பூஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை, அதை எழுதிவிட வேண்டும். கோபத்தில் காது இரண்டும் சூடாக இருந்தது. நான் தொடக் கூடாது, சாமி குற்றம். ஆனால் அதே நாளில் அவர் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போகலாம், அதில் சாமிக்கு ஒன்றும் இல்லையாம்.

அப்போதுதான் அந்தப் பித்தளைத் துண்டுகளைப் பார்த்தேன். கூடத்தைப் பெருக்கும்போது அம்மா அவற்றை எடுத்திருக்கிறாள். பித்தளை என்றதும் அப்பாவின் சாமான் என்று நினைத்து, வாழையிலையில் ஆறையும் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் துளி சந்தனம் வைத்திருந்தாள். ஆறும் ஒரே உயரம். கவரில் கலந்து கிடந்தபோது திருகாணி மாதிரி தெரிந்தவை, நிற்கவைத்ததும் கால் மாதிரி தெரிந்தன. ஆறு கால். போர்டில் ஆறு ஓட்டை.

சென்டரில் நான் மூடியைக் கழற்றிய மிஷின் ஞாபகத்துக்கு வந்தது. ராமை அழுத்தியபோது போர்டு லேசாக வளைந்துகொடுத்தது, அதன் அடியில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் தெரிந்தது என்றால் அடியில் இடம் இருந்தது. போர்டின் அடிப்பக்கம் முழுக்க ஈயம் வைத்த முனைகள். அத்தனையும் மின்சாரம் ஓடுகிற இடம். அதைக் கொண்டுபோய் நாங்கள் தகரத்தோடு வைத்து இறுக்கியிருக்கிறோம். படியவே கூடாத ஒன்றைப் படியவைத்திருக்கிறோம்.

கையை நீட்டி இலையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பிடியில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது, விரலில் ஒட்டியது. பித்தளைக் கால்களையும் எடுத்துக்கொண்டேன். அம்மா பின்கட்டு வாசலில் வந்து நின்றவள் பார்த்துவிட்டாள்.

"வேணாண்டி. சாமிக்கு வெச்சது."

"சாமி ஒண்ணும் சொல்லாது. நீயும் சொல்லாத."

மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் அப்பா கண் திறந்திருப்பது தெரிந்தது. திரும்பாமலேயே சொன்னேன். மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது, அதனால் நன்றாகவே சொன்னேன்.

"நீ சொன்னது தப்புப்பா. இதுக்கு அடி படியக் கூடாது."

அவர் எழுந்து வருவது கேட்டது. அடி விழும் என்றுகூட நினைத்தேன். இருபத்தேழு வருஷத்துத் தொழிலை ஒரே வரியில் தப்பு என்று சொல்லியிருக்கிறேன், அதையும் பூஜையில் வைத்த சாமானைக் கையில் பிடித்துக்கொண்டு. அவர் என் எதிரில் குந்தி உட்கார்ந்தார். நான் போர்டைக் கழற்றி, புரட்டி, ஈய முனைகளைக் காட்டினேன். அவர் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். கேபினெட்டின் தகரத் தட்டைப் பார்த்தார். வரிசையாகக் கீறல் விழுந்திருந்தது. இலையைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த பித்தளைக் கால்களைப் பார்த்தார்.

கால்களைத் தட்டில் கையால் திருகினேன். கடைசிச் சுற்று கையால் வரவில்லை, ஸ்பானர் வேண்டும். ஸ்பானர் பூஜையில் இருந்தது, அது அவருடையது. அதை மட்டும் எடுக்க எனக்குக் கை வரவில்லை. அவரே எழுந்துபோய் எடுத்தார். இருக்கிறதிலேயே சின்ன ஸ்பானர். அதிலிருந்த குங்குமத்தை வேட்டியில் துடைத்தார்.

அம்மா, "நீயுமா?" என்றாள்.

"மில்லுல தொடாம இருந்தது சாமிக்குப் பயந்துன்னா நெனச்ச?" என்றார் அப்பா. "அது மொதலாளி மிஷினு. வருஷத்துல ஒரு நாளாவது ஓட்ட மாட்டோம்னு காட்டறதுக்குத் தொடல. இது அவ மிஷினு."

அவ்வளவு வருஷம் கேட்டு வளர்ந்த கதையில் இந்த ஒரு வரி அதுவரை இருந்ததே இல்லை.

ஆறு காலையும் அவர் இறுக்கினார். அதன் மேல் போர்டை நான் வைத்தேன். அடியில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், சாக்கெட்டுகள் எல்லாம் தகட்டில் முதலில் இருந்த ஓட்டைகளுக்கே நேராக வந்து நின்றன. நாங்கள் இரண்டு மணி நேரம் ராவித் தள்ளிய பகுதி சும்மா திறந்து கிடந்தது. அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்தார். "தகடு போட்டவன் அளவு தெரிஞ்சவன்தான்" என்றார். அந்தத் தகட்டை நான் கடைசிவரை மாற்றவில்லை. அந்தச் சந்து வழியாகத் தூசி போனது, ஒரு தடவை பல்லிகூடப் போனது. அப்போதும் மாற்றவில்லை.

பட்டனை அழுத்தினேன். மின்விசிறி துள்ளியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு பீப் சத்தம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஒவ்வொரு வரியாக ஏறியது. நான் எடுத்த ராமின் அளவை அது எண்ணிக் காட்டியது. காலையில் அத்தனை தடவை போட்டும் போர்டு கருகாமல் இருந்ததற்கு அப்பா கனம் பார்த்து எடுத்த பவர் சப்ளைதான் காரணம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தப்பைக் கண்டதும் அது ஒவ்வொரு தடவையும் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓடுகிறது என்பது மட்டும்தான். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். அம்மா, மெதுவா, மாப்ள தூங்கறார் என்றாள், ஆனால் அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

விண்டோஸ் சி.டி.யைப் போட்டு, அது பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது மாமா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். மானிட்டர் சுவரைப் பார்த்தபடி இருந்ததால் அவருக்குத் திரை தெரியவில்லை. இலையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாததையும் கவனிக்கவில்லை. பொழுதோடு கிளம்புகிறேன், பெட்டியை இப்படிக் கொடு, ஸ்கூட்டரில் கட்டிவிடலாம் என்று கேபினெட்டை நோக்கிக் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா தெருமுனைக்குக் கேட்கிற குரலில் சொன்னார்.

"தொடாதீங்க மாப்ள. இன்னிக்கு ஆயுத பூஜ. தொடக் கூடாது."

மாமாவின் கை இரண்டும் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றன.